செவிகொடுக்கப் பழகுதல்: மூச்சில் தொடங்கிப் பகை தணிக்கும் பௌத்த வழி

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாகனம் நிறுத்தும் இடத்துக்காகத் தொடங்கும் சண்டை. ஊர்க் காணிக்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காத உடன்பிறப்புகள். 1983 ஜூலையைப் பற்றி ஒரே மேசையில் இருந்து கதைக்க முடியாத இரண்டு அயலவர்கள். மூன்றும் ஒரே அளவானவை இல்லை. ஆனால் கதை முறியும் இடம் மூன்றிலும் ஒன்றுதான். ஒருவர் சொல்லி முடிக்குமுன்னே மற்றவருக்குள் மறுமொழி தயாராகிவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை, தன் முறைக்காகக் காத்திருக்கிறார்.

நல்ல மனம் இருந்தால் போதும், கேட்கத் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. குற்றச்சாட்டு ஒன்று காதில் விழுந்ததும் தாடை இறுகுகிறது, வயிறு பிசைகிறது, காது சூடாகிறது. இடையில் வாயைத் திறக்க வைப்பது அந்தச் சூடுதான். உடலில் நடப்பதை அந்தக் கணத்திலேயே கவனிக்கத் தெரியாதவரால் இன்னொருவரின் வலியைக் கடைசிவரை கேட்க முடியாது. அதனால் இந்தப் பயிற்சி ஆட்களோடு தொடங்குவதில்லை, மூச்சோடு தொடங்குகிறது. நாளுக்கு 20 நிமிடம், ஆறு வாரம் ஒதுக்குங்கள். அதற்குக் குறைத்தால், நிதானமான குரலில் வாதாடுவதற்கு மட்டும் பழகிவிடுவீர்கள்.

எங்கிருந்து வந்தது

கருணையோடு செவிகொடுத்தலை ஒரு தனிப் பயிற்சியாக இன்றைய உலகில் பரப்பியவர் வியட்நாம் பிக்கு திக் நியாட் ஹான் (1926–2022). போரின் நடுவே வளர்ந்த போதனை அது. 1982இல் பிரான்சில் அவர் நிறுவிய பிளம் வில்லேஜ் ஆசிரமத்தின் ஐந்து நெறிகளில் நான்காவது, அன்பான பேச்சும் ஆழ்ந்து கேட்டலும். ஆனால் இதன் உறுப்புகள் எல்லாமே பழையவை. மூச்சுப் பயிற்சி, புத்தரின் போதனைத் தொகுப்புகளான பாளி நிகாயங்களில் இருக்கிறது. மைத்திரி (எல்லார்மேலும் நட்பு மனம்), கருணைப் பயிற்சிகளின் விரிவான செய்முறை, 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் இருக்கிறது. உலகின் அழுகுரலைக் கேட்பவராக மகாயானம் வணங்கும் அவலோகிதரிடமிருந்தே அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தார் என்கிறது 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம். கேட்பதற்கென்றே ஒரு போதிசத்துவரை வைத்திருந்த மரபு தமிழுக்கு அந்நியமாக இருந்ததில்லை.

இலங்கைத் தமிழர் பலருக்குப் பௌத்தம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தியானம் அல்ல, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் அதைச் சுற்றிய அரசியலும்தான். அந்தத் தயக்கத்தை நாங்கள் தவறென்று சொல்லமாட்டோம். இந்தப் பயிற்சிக்கு மதம் மாறத் தேவையில்லை, விகாரைக்குப் போகவும் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம்: தமிழகத்துச் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கடல் கடந்து வந்து பஞ்சசீலம் எடுத்துக்கொண்டது கொழும்பு மாளிகாகந்தையில், ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம். சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் குரலுக்கு ஒரு வழி தேடித்தான் அவர் அங்கே வந்தார்.

முதல் இரண்டு வாரம்: மூச்சு

கொழும்பில் தியானத்தில் இருக்க நல்ல நேரம் காலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். வெக்கை குறைவு, காலி வீதி முழுதாக விழித்திருக்காது. பாயில் மடித்த போர்வையைப் போட்டு, இடுப்பு முழங்காலைவிட நான்கு விரல் உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கதிரையே நல்லது. முதுகைச் சாய்க்காமல், இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படும்படி இருங்கள். மின்விசிறியை முகத்துக்கு நேரே சுழல விட்டால் மூச்சின் தொடுகை தெரியாது. பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள்.

மூச்சைக் கவனிப்பது பற்றிய ஆனாபானசதி சூத்திரம் பதினாறு படிகள் சொல்கிறது. செவிகொடுக்கப் பழகுபவருக்கு முதல் நான்கு போதும்: நீண்ட மூச்சை நீண்டதென்று அறிதல், குறுகிய மூச்சைக் குறுகியதென்று அறிதல், உடல் முழுவதையும் உணர்ந்தபடி மூச்சுவிடுதல், உடலைத் தணியவிட்டு மூச்சுவிடுதல். மூச்சை நீட்டச் சொல்லி எங்கும் இல்லை. அறியத்தான் சொல்லியிருக்கிறது. பிராணாயாமம் பழகியவர்கள் தம்மையறியாமல் இங்கே மூச்சை ஆளத் தொடங்குவார்கள். நெஞ்சு இறுகினால் அல்லது தலை பாரமானால் அதுதான் காரணம். இரண்டு பெருமூச்சு விட்டு, மூச்சை அதன் பாட்டில் விடுங்கள்.

மனம் ஓடிக்கொண்டே இருந்தால் எண்ணுங்கள். விசுத்திமக்கம் இதற்குச் சரியான அளவு சொல்கிறது: ஐந்துக்குக் குறையக்கூடாது, பத்தைத் தாண்டக்கூடாது. ஐந்துக்குக் கீழே மனம் நெருக்கப்படும். பத்துக்கு மேலே மூச்சு போய் எண்ணிக்கையே மிஞ்சும். வெளிமூச்சின் முடிவில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பத்து வந்ததும் மறுபடி ஒன்று. எண் தவறினால் விட்ட இடத்தைத் தேடாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரம் மட்டும் 10 நிமிடம், இரண்டாம் வாரத்திலிருந்து 20. தூக்கம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லான தேரருக்கே வந்தது. அவருக்குப் புத்தர் சொன்ன மருந்துகள் அங்குத்தர நிகாயத்தில் வரிசையாக இருக்கின்றன: இரண்டு காதுமடலையும் இழுத்துவிடு, கைகால்களைத் தேய், எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி வானத்தைப் பார், நட. ஒன்றும் சரிவராவிட்டால் எழும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு படுத்துவிடு. இதே வரிசையில் செய்யுங்கள்.

மூன்றாம் வாரம்: ஒலி

இந்த நகரத்தில் அமைதியான அறை தேடுவது நேரவிரயம். அதையே பாடமாக்கிவிடலாம். மூச்சில் ஐந்து நிமிடம் இருந்தபின் கவனத்தைக் காதுக்கு மாற்றுங்கள். கடற்கரைப் பாதையில் ரயில் ஹோர்ன், பள்ளிவாசல் பாங்கு, மேல்மாடியில் கதிரை இழுபடும் சத்தம், பாண் கொண்டுவரும் ஓட்டோவின் பாட்டு. பாகியர் என்ற துறவிக்குப் புத்தர் சொன்ன ஒரு வரி இங்கே முழுப் பயிற்சியும் ஆகிறது: கேட்டதில் கேட்டது மட்டுமே இருக்கட்டும்.

செய்முறை இப்படி. ஒரு சத்தம் வருகிறது. முதலில் அதன் ஏற்றம், இறக்கம், முடிவு மட்டும். பிறகு மனம் ஒட்டும் பெயரைக் கவனியுங்கள்: ‘ரயில்’. அதன்மேல் ஏறும் கதையைக் கவனியுங்கள்: ‘விடிய வெள்ளனவே தொடங்கிட்டாங்கள்’. சத்தம், பெயர், கதை என்ற மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கினால் இந்த வாரம் பலித்தது. பிறகு மாமியோ மேலதிகாரியோ பேசும்போதும் இதே மூன்று அடுக்குத்தான் வரும். அவர் சொன்ன சொல் எது, நாம் ஒட்டிய பெயர் எது, நமது கதை எது என்பது அங்கே மிக வேகமாகக் கலக்கும். ஓட்டோப் பாட்டில் பிரிக்கத் தெரியாததை அங்கே பிரிக்க முடியாது.

மேல்மாடிச் சத்தத்தில் எரிச்சல் வருகிறதென்று சிலர் இந்த வாரத்தைத் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். அந்த எரிச்சல்தான் அடுத்த வாரத்துக்கான பொருள்.

நான்காம் வாரம்: உடல் காட்டும் அறிகுறி

சதிபட்டானம் என்ற விழிப்புணர்வுப் பயிற்சியின் இரண்டாம் பகுதி வேதனையைக் கவனித்தல். பாளியில் அந்தச் சொல் இன்பம், துன்பம், இரண்டும் இல்லாதது என்ற மூன்றுக்கும் பொது. ஐந்து நிமிடம் மூச்சில் இருந்தபின், சமீபத்தில் யாரோ சொன்ன, இலேசாகக் குத்திய ஒரு வாக்கியத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பெரிய காயத்தை எடுக்கவேண்டாம். பஸ் கொண்டக்டர் மிச்சக் காசுக்குச் சொன்னது போதும். அது உடலில் எங்கே விழுகிறதென்று தேடுங்கள். தாடையா, தொண்டையா, மேல்வயிறா, உள்ளங்கையா? இறுக்கமா, சூடா, வெறுமையா? விரும்பத்தகாதது என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லி, மூன்று மூச்சு அந்த இடத்திலேயே இருங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு ‘முதல் இடம்’ உண்டு. கோபம் வருமுன் எப்போதும் அங்கேதான் முதலில் தெரியும். ஒரு வாரம் குறித்துவைத்தால் உங்களுடையது பிடிபடும். சிலருக்குக் கால்விரல் சுருளும். சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் அழுந்தும். கதை நடக்கும்போது நீங்கள் கவனிக்கப்போவது இந்த ஒரு இடத்தை மட்டும்தான், அதனால் இதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகவேண்டாம். துன்பம் தைத்ததும் அதைப் பற்றிப் புலம்பி இரண்டாம் அம்பையும் வாங்கிக்கொள்கிறோம் என்கிறது சல்ல சூத்திரம். முதல் அம்பு விழுந்த இடம் தெரிந்தால்தான் இரண்டாவதைத் தடுக்க முடியும்.

ஐந்தாம் வாரம்: மைத்திரி, பிறகு கருணை

வரிசை முக்கியம். விசுத்திமக்கத்தின் வரிசை: முதலில் தன்மேல், பிறகு மதிப்புக்குரிய ஒருவர், அன்பான நண்பர், விருப்பு வெறுப்பு இல்லாத ஒருவர், கடைசியில் பகையுள்ளவர். நேரே பகைவரிடம் தொடங்கினால் பழைய கோபம்தான் கிளறப்படும் என்று அந்த நூலே தடுக்கிறது. இறந்தவரை எடுக்கவேண்டாம் என்றும் சொல்கிறது. இழப்பு உள்ளவர்கள் இதை மறக்கக்கூடாது, பயிற்சி துக்கமாக மாறிவிடும்.

சொற்கள் எளிதாக இருக்கட்டும்: ‘நான் பயமில்லாமல் இருக்கவேணும். நோய் நொடி இல்லாமல் இருக்கவேணும். மனச் சுமை இறங்கவேணும்.’ ஒரு வெளிமூச்சுக்கு ஒரு வாக்கியம். ஆளுக்கு மூன்று நிமிடம். விருப்பு வெறுப்பு இல்லாதவராகத் தினமும் பார்க்கும் ஒருவரை எடுங்கள். சந்திக் கடையில் மரக்கறி நிறுப்பவர், லிஃப்ட் பக்கத்துக் காவலாளி. பகையுள்ளவருக்கு வந்ததும் முதல் இடம் இறுகினால் உடனே நண்பருக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு வாரத்தில் கடைசிப் படி கைகூடாவிட்டாலும் பரவாயில்லை. எந்த வழியும் பலிக்காவிட்டால் அவருக்கு ஏதாவது கொடு என்கிறது அதே நூல். பொங்கலுக்கும் சித்திரை வருடத்துக்கும் கதை பேச்சில்லாத அயல்வீட்டுக்கும் ஒரு தட்டுப் பலகாரம் போகிற வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதைக் கைவிடாதீர்கள்.

கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, கிட்டிய பகை துயரம் என்று புத்தகோசர் பிரிக்கிறார். கேட்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இரண்டாவதிடம். எதிரே இருப்பவர் அழும்போது நாமும் சேர்ந்து உடைந்தால், அவர் தன் கதையை நிறுத்திவிட்டு நம்மைத் தேற்றத் தொடங்குவார். கண் கலங்குவது தவறில்லை. அவருடைய துயரம் நம்முடைய துயரமாக மாறுவதுதான் சிக்கல். சோதனை எளிது: உங்கள் பாதம் நிலத்தில் படுவதை அந்த நேரத்தில் உணர முடிகிறதா? முடிந்தால் கருணையில் இருக்கிறீர்கள்.

ஆறாம் வாரம்: இருவர் பயிற்சி

நம்பிக்கையான ஒருவரோடு வாரத்தில் மூன்று நாள், பாரமில்லாத விடயத்தோடு. ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவார். மற்றவர் வாய் திறக்கக்கூடாது. ‘ம்’ கொட்டலாம், தலையாட்டலாம், அதுவும் குறைவாக. பிறகு ஒரு நிமிடம் இருவரும் மௌனம். பிறகு கேட்டவர் இரண்டு நிமிடத்தில் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். சொன்னவர் திருத்துவார். பிறகு முறை மாறும். மொத்தம் இருபது நிமிடம் பிடிக்கும். போனில் நேரத்துக்கு மணி அடிக்கும்படி வைத்து, அதை அடுத்த அறையில் வையுங்கள். மேசையில் கவிழ்த்துவைத்த போனும் கண்ணை இழுக்கும்.

திருப்பிச் சொல்லும்போது நடக்கும் பிழைகள் மூன்று. சொல்லாததைச் சேர்ப்பது. ‘நீ பொறாமைப்பட்டிருக்கிறாய்’ என்பதுபோல் உணர்ச்சிக்கு அவர் பயன்படுத்தாத பெயரை வைப்பது. கிளிப்பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லையும் ஒப்பிப்பது. மூன்றாவது பாதிப்பில்லாதது என்று தோன்றும், ஆனால் கேலி செய்வதாக எடுக்கப்படும். சொன்னவர் அழுத்திய ஒரு சொல்லை மட்டும் அப்படியே வைத்து மீதியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்.

உண்மையான கதை

எதிர் எதிரே உட்காராமல் சற்றுச் சரிவாக, இருவரும் ஒரு திசையைப் பார்க்கக்கூடியபடி இருங்கள். கைக்கெட்டும் தூரம் வேண்டாம், குரலை உயர்த்தவேண்டிய தூரமும் வேண்டாம். பிளேன்ரீயோ தண்ணியோ முன்னமே ஊற்றி வையுங்கள், நடுவில் குசினிக்கு எழும்பக்கூடாது. அரை மணிக்கு மேல் திட்டமிடவேண்டாம். பசி நேரம், வேலையால் வந்தவுடன், பிள்ளைகள் ஓடித்திரியும் நேரம் மூன்றும் ஆகாது. தொடங்குமுன் மூன்று மூச்சு. முதல் இடம் ஏற்கனவே இறுகியிருந்தால் அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள்: ‘இப்ப எனக்குச் சரியாக் கேக்க ஏலாது, இரவு சாப்பிட்டிட்டு இருப்பம்’ என்று நேரம் குறித்துச் சொல்லவேண்டும். நேரம் குறிக்காமல் தள்ளினால் அது தட்டிக்கழிப்பு.

ஒரு கதை எப்படிப் போகும் என்பதைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். தெஹிவளையில் ஒரு வீடு. மாமி சொல்கிறார்:

“இந்த வீட்டில நான் சொல்லுறதை ஆர் கேக்கினம்? மூலையில கிடக்கிற சாமான் மாதிரி இருக்கிறன்.”

மருமகளுக்குக் காது சூடாகிறது. உடனே வரும் மறுமொழி இது: “அப்பிடி இல்லை மாமி, நேற்று டொக்டரிட்டப் போகேக்கை உங்களைக் கேட்டிட்டுத்தானே போனனாங்கள்.” இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் மாமி இத்தோடு வாயை மூடிவிடுவார், நாளைக்கு இன்னொரு மூலையிலிருந்து அதே கதை வரும். இதற்குப் பதிலாக ஒரு மூச்சு விட்டு, பாதத்தை உணர்ந்து:

“உங்களைக் கேக்காமலே எல்லாம் நடக்குது எண்டு இருக்குது, என்ன மாமி?”

பிறகு பேசாமல் இருக்கவேண்டும். பத்து விநாடி நீளமாகத் தெரியும்.

“ஊர் வீட்டை விக்கப் போறியளாம். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“வேற ஆரும் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது.”

“ஓம் பிள்ளை. பெரியவன் கனடாவில இருந்து போனில சொல்லுறான். நான் அந்தக் கிணத்தடியில வாழ்ந்த மனுசி.”

மூலையில் கிடக்கும் சாமான் என்றது ஊர் வீட்டைப் பற்றிய கதை. முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்லியிருந்தால் மூன்றாம் வாக்கியம் வந்திராது. இந்த இடத்திலும் ‘இன்னும் முடிவெடுக்கேல்லை மாமி’ என்று விளக்கத் தோன்றும். அது உண்மையாக இருந்தாலும் இப்போது வேண்டாம். கிணற்றடியைப் பற்றி அவர் சொல்லட்டும். விற்பதா இல்லையா என்பது நாளைய கதை, அதில் மாமிக்கும் ஒரு கதிரை போடவேண்டும்.

கேட்கும்போது ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைத் தவிருங்கள், விசாரணைபோல் கேட்கும். ‘பிறகு?’ போதும். ‘எனக்கும் இப்பிடித்தான் நடந்தது’ என்பது ஆறுதல் என்று நினைத்துச் சொல்லப்படும், ஆனால் கதை கைமாறிவிடும். புத்திமதி அவர் கேட்டால் மட்டும். முடிக்கும்போது நீங்கள் செய்யப்போகும் ஒரு சின்னக் காரியத்தை மட்டும் சொல்லி முடியுங்கள், பெரிய வாக்குறுதி வேண்டாம்.

பதில் சொல்லும் நேரம்

பேச்சுக்கு ஐந்து அளவுகோல்கள் உண்டு: காலம் பார்த்தது, உண்மையானது, மென்மையானது, பயனுள்ளது, அன்பு மனதோடு சொன்னது. இதே ஐந்தும் ககசூபம சூத்திரத்தில் கேட்பவருக்கான பாடமாக மறுபடி வருகின்றன. மற்றவர்கள் உங்களிடம் காலத்திலும் அகாலத்திலும் பேசுவார்கள், மெய்யும் பொய்யும் பேசுவார்கள், மென்மையாகவும் கடுமையாகவும் பேசுவார்கள், எப்படிப் பேசினாலும் மனம் கெடாமல் பழகு என்கிறது அது. பேசுபவர் ஐந்திலும் தேறிய பிறகுதான் கேட்பேன் என்று இருந்தால் கொழும்பில் யாரையும் கேட்க முடியாது. அளவுகோல் உங்கள் வாய்க்கு மட்டும்.

அபய சூத்திரம் காலத்தில் கறாரானது. பொய்யைப் புத்தர் எக்காலத்திலும் சொல்வதில்லை. மெய்யே ஆனாலும் பயனில்லாததைச் சொல்வதில்லை. மெய்யும் பயனும் உள்ளதை, அது இனித்தாலும் கசந்தாலும், நேரம் அறிந்து சொல்வது. அவர் சொன்னதில் ஒரு தகவல் பிழை இருந்தால் அதே அமர்வில் திருத்தாதீர்கள், ஒரு நாள் போகட்டும். பெரும்பாலான பிழைகள் அடுத்த நாள் திருத்தத் தேவையற்றவையாகத் தெரியும். தேவைப்படுவதைத் தெளிவாகத் திருத்துங்கள், விழுங்கவேண்டாம்.

மொழி குறுக்கே நிற்கும்போது

சிங்கள அயலவரோடு ஆங்கிலத்தில் சமாளிக்கலாம் என்று தோன்றும். சாதாரணக் கதைக்குச் சரி. நோவைச் சொல்லத் தாய்மொழிதான் வேண்டும். அவர் சிங்களத்திலும் நீங்கள் தமிழிலும் பேசி, நடுவில் ஒருவர் மொழிபெயர்ப்பதே நல்லது. மொழிபெயர்ப்பவர் தன்மையிலேயே சொல்லவேண்டும்: ‘அவர் பயந்தாராம்’ வேண்டாம், ‘நான் பயந்தேன்’. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தவேண்டும். கடுமையான சொல்லை மழுப்பக்கூடாது, மழுப்பினால் எதிரே இருப்பவரின் முகத்துக்கும் வந்த சொல்லுக்கும் பொருந்தாமல் சந்தேகம் வரும். நீங்கள் பேசுபவரின் முகத்தைப் பாருங்கள், மொழிபெயர்ப்பவரின் முகத்தை அல்ல. மூன்று மொழியும் தெரிந்த பேரப்பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் கொழும்பு வீடுகளில் இருக்கிறது. மருந்துக் கடைக்குச் சரி, 83ஆம் ஆண்டுக் கதைக்கு வேண்டவே வேண்டாம்.

பாரமான கதைகள்

போரில் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் ஆளை இழந்தவர்கள். இவர்களிடம் கதையைத் தோண்டாதீர்கள். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவர்கள் கையில். ‘மறந்திட்டு இருங்கோ’, ‘எல்லாருக்கும்தானே நடந்தது’, ‘மன்னிச்சு விடுங்கோ’ என்ற மூன்றும் தடை. மன்னிப்பைக் கேட்கவேண்டியவர் வேறு எங்கோ இருக்க, காயப்பட்டவரிடம் மன்னிக்கச் சொல்வது சமாதானம் ஆகாது.

‘அது கர்மவினை’ என்பது இந்துக்களிடமும் பௌத்தர்களிடமும் ஒரே மாதிரி வரும் பதில். மோலியசீவகர் என்ற துறவி இதையே புத்தரிடம் கேட்டார்: அனுபவிப்பதெல்லாம் முன்வினையா? இல்லை என்றார் புத்தர். பித்தம், கபம், வாதம், இவை கூடியது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், வினை என்று எட்டுக் காரணங்களை எண்ணினார். வினை அதில் கடைசி ஒன்று. பிறர் தாக்குதல் தனியாக எண்ணப்பட்டிருக்கிறது. துயரத்தில் இருப்பவரிடம் வினையைக் காட்டுபவர் பௌத்தத்தைச் சொல்லவில்லை.

உயிரை விடுவது பற்றிய பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் நேரே கேளுங்கள்: ‘சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பல ஆண்டுகளாகச் செவிகொடுப்பதையே தொண்டாகச் செய்யும் சுமித்ரயோவும் கொழும்பில் இருக்கிறது. வீட்டு வன்முறை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் அடிப்பவரையும் அடிபடுபவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்கவே கூடாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

இப்படி ஒரு கதை கேட்ட பிறகு உங்களுக்கும் கழுவல் வேண்டும். அன்றைக்கே அரை மணி நடங்கள், கடற்கரையோரம் நல்லது. கேட்டதை இன்னொருவரிடம் இறக்கிவைக்காதீர்கள்.

இரு தரப்பும் எதிரே இருக்கும்போது

கோசம்பி பிக்குகளின் சண்டை கழிப்பறையில் பாத்திரத்தில் மிச்சம் விட்ட தண்ணீருக்காகத் தொடங்கியது என்கிறது தம்மபத உரை. சங்கமே இரண்டாகியது. புத்தர் சமாதானம் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை, அவர் காட்டுக்குப் போய்விட்டார். ஊர் மக்கள் பிச்சை போடுவதை நிறுத்திய பிறகுதான் அவர்களுக்குக் காது திறந்தது. செவிகொடுத்தல் மட்டும் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பவர்கள் இந்தக் கதையை மறந்துவிடுகிறார்கள். சிலவேளை சோறு நிற்கவேண்டும்.

அந்தப் பிக்குகள் சாவத்திக்கு வந்தபோது அவர்களை எப்படி நடத்துவது என்று புத்தரின் வளர்ப்புத் தாயான மகாபஜாபதி கோதமி கேட்டார். இரு பக்கத்தின் தம்மத்தையும் (அறநெறியையும்) கேள், கேட்டபின் தம்மத்தோடு பொருந்திப் பேசுபவர்களின் பக்கத்தை ஏற்றுக்கொள் என்றார் புத்தர். கேட்பது வேறு, தீர்மானிப்பது வேறு. இரண்டும் வேண்டும், வரிசை மாறக்கூடாது.

நடைமுறையில்: இரு தரப்பையும் முதலில் தனித்தனியாக, ஒரே அளவு நேரம், ஒரே அறையில் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகவேண்டாம். சேர்த்து உட்காரும்போது எதிர்த்தரப்பு சொன்னதை அவர் ஏற்கும்வரை திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் பக்கத்தைச் சொல்லலாம் என்ற ஒரு விதி போதும். காணி, கடன், எல்லை மதில் போன்றவை இப்படியும் தீராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தவை அவை. சட்டத்தரணிகள் இல்லாமல் தரப்பினரே கதைக்கும் இடம். இணக்கம் வராவிட்டால் அதற்கும் சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம்.

எங்கே பழகலாம், எப்போது தொடரலாம்

பத்து நாள் ஒதுங்கி இருக்க விரும்புபவர்களுக்குத் தெல்கொடப் பக்கம் கந்துபொட தியான நிலையம் கிட்டியது. 1956இல் தொடங்கியது, உடலிலும் மனதிலும் எழுவதைப் பெயரிட்டுக் கவனிக்கும் மகாசி முறை. கண்டிப் பக்கம் நிலம்பை. இரண்டிலும் போதனை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் பெரும்பாலும் கிடைக்கும், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். வெள்ளை அல்லது வெளிர்நிற உடுப்பு, மூடிய தோள். நகருக்குள்ளேயே ஒரு மணி நேரம் போதுமென்றால் பேரை ஏரியின் நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் வார நாள் காலையில் ஆட்கள் குறைவாக இருக்கும்.

பயிற்சி தளர்ந்துபோகாமல் இருக்க ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். மாரிகாலத் தங்கலின் முடிவில், ஒக்டோபர் போயாவில் (பௌர்ணமி நாளில்), பிக்குகள் ஒருவரையொருவர் அழைத்து, என்னில் கண்டதை, கேட்டதை, சந்தேகித்ததைச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். பவாரணை என்று பெயர். வீட்டில் அதை மாதம் ஒருமுறை ஆக்கலாம், போயா எப்படியும் விடுமுறைதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் மட்டும் கேட்கட்டும்: ‘இந்த மாதம் என்னால உங்களுக்கு மனநோ வந்திருந்தாச் சொல்லுங்கோ.’ ஒரு மாதத்துக்கு ஒருவர்தான், எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் கணக்குத் தீர்க்கும் கூட்டமாகிவிடும். பெரியவர்களே முதலில் கேட்கவேண்டும், பிள்ளைகளைக்கொண்டு தொடங்கினால் அவர்கள் தண்டனை என்று எடுப்பார்கள். சொன்னதற்கு அன்றைய பதில் ‘சொன்னதுக்கு நன்றி’ மட்டும். விளக்கம் இருந்தால் அடுத்த நாள், அதுவும் சொன்னவர் கேட்கத் தயார் என்றால். முதல் இரண்டு மாதம் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மூன்றாம் மாதமும் கேளுங்கள்.